போலீஸுக்கும் கேரம் போர்டுக்கும் என்ன சம்பந்தம்?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பகுதியில் காவல்துறை சார்பில் பசங்களுக்கு விளையாட்டு மன்றம் தொடங்கப் போவதாகப் பேச்சு. திருடனைப் பிடிக்க வேண்டியவர்களுக்குக் கேரம் போர்டோடு என்ன வேலை? இந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஏழாவது படிக்கும் என் பையனை அனுப்பலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அனுப்பலாம். ஆனால் சில விஷயங்களை விசாரித்துவிட்டு அனுப்புங்கள். என்ன விசாரிப்பது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். பல வருஷம் பி.டி. மாஸ்டராக வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கதையில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருஷத்துக்கு முந்தைய நியூயார்க். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்களும் இத்தாலியர்களும் நகரத்தின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். ஒரு அறையில் ஒரு குடும்பம் என்ற நிலைமை. வீட்டுக்குள் உட்காரவே இடமில்லாத பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? தெருவில்தான். ஆனால் தெருவில் பந்து ஆடுவது அங்கே குற்றம். போலீஸ்காரர் வந்தால் பந்தைப் பிடுங்கிக்கொள்வார், சில சமயம் பையனையும் பிடித்துக்கொண்டு போவார். போதாக்குறைக்கு அப்போதுதான் மோட்டார் கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. தெருவில் ஆடிய பிள்ளைகள் வண்டியில் அடிபட்டுச் செத்தார்கள்.

1914-இல் ஆர்தர் உட்ஸ் என்பவர் அந்த நகரத்தின் போலீஸ் கமிஷனர் ஆனார். அவர் காலத்தில்தான் சில தெருக்களைக் குறிப்பிட்ட நேரத்துக்கு வண்டி போகாமல் மறித்துப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நம் ஊரில் ஆடி மாதம் கூழ் வார்க்கும் நாளில் தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. அதை அவர்கள் தொடர்ந்து செய்தார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. இருபுறமும் தடுப்பு, பார்த்துக்கொள்ள ஆள், அவ்வளவுதான். தெருவை மறிக்கும் அதிகாரம் போலீஸ் கையில் இருந்ததால் இந்த வேலை அவர்களிடம் வந்து சேர்ந்தது. உங்கள் முதல் கேள்விக்கு வரலாறு சொல்லும் பதில் இதுதான். பசங்களுக்குப் புத்தி சொல்வதற்காக ஆரம்பித்த வேலை அல்ல இது, இடம் கொடுப்பதற்காக ஆரம்பித்தது.

1930 வாக்கில் அமெரிக்கா பெரிய பொருளாதார நெருக்கடியில் கிடந்தது. அப்பாவுக்கு வேலை இல்லை, பையனுக்குப் பள்ளியில் மனம் இல்லை. நியூயார்க் காவல்துறையில் குற்றத் தடுப்புக்கென்றே ஒரு தனிப் பிரிவு வைத்து, அதை ஹென்ரியெட்டா ஆடிட்டன் என்ற பெண்ணிடம் கொடுத்தார்கள். அவர் போலீஸ் வேலையில் படிப்படியாக உயர்ந்து வந்தவர் அல்ல, சமூகப் பணியாளர். துணைக் கமிஷனர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் காவல்துறையில் ஒரு பெண் அந்த உயரத்தில் உட்கார்ந்தார் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அந்தப் பிரிவிலிருந்துதான் ஜூனியர் போலீஸ் அத்லெட்டிக் லீக் பிறந்தது. பேஸ்பால், கூடைப்பந்து, குத்துச்சண்டை என்று தெருவுக்குத் தெரு அணிகள். பிறகு பெயரில் இருந்த 'ஜூனியர்' உதிர்ந்து, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாகப் 'பால்' (PAL) என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். இன்று அமெரிக்காவின் பல நகரங்களில் இதே பெயரில் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. சில இடங்களில் 'அத்லெட்டிக்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆக்டிவிட்டீஸ்' என்று போட்டுக்கொண்டார்கள். காரணம், பாட்டு, ஓவியம், வீட்டுப்பாடம் எல்லாம் மன்றத்துக்குள் வந்துவிட்டன.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு கதையை நானும் சொல்லாமல் இருக்க முடியாது. 1954-இல் லூயிவில் என்ற ஊரில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் சைக்கிள் காணாமல் போனது. அழுதுகொண்டே, "திருடியவனை அடித்து நொறுக்கப் போகிறேன்" என்றான். அங்கிருந்த கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு போலீஸ்காரர் இருக்கிறார், அவரிடம் சொல் என்று அனுப்பி வைத்தார்கள். ஜோ மார்ட்டின் என்ற அந்தப் போலீஸ்காரர் பணி முடிந்த நேரத்தில் அங்கே பசங்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அடிப்பது இருக்கட்டும், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார். பையன் கற்றுக்கொண்டான். அவன்தான் பிற்பாடு முகமது அலி. சைக்கிள் கடைசிவரை கிடைக்கவில்லை.

போலீஸ் மன்றங்களைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தக் கதை அடிக்கடி வரும், உலக சாம்பியன் உருவாவார் என்ற அர்த்தத்தில். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பையன் போனபோது அந்த நேரத்தில், அந்த இடத்தில், அந்த ஆள் இருந்தார். அடுத்த நாளும் இருந்தார், அதற்கடுத்த வருஷமும் இருந்தார்.

இங்கிலாந்தில் நார்விச் நகரத்தின் காவல் தலைவர் ஜான் ஹென்றி டெய்ன் 1918-இல் இளைஞர் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். முதல் உலகப் போர் முடிகிற நேரம். அப்பாக்கள் போர்முனையில் இருந்ததால் கேட்பாரற்றுத் திரிந்த பையன்களுக்காக ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவில் 1937-இல் சிட்னியின் வுலுமுலூ பகுதியில் முதல் போலீஸ் சிறுவர் மன்றம் திறந்தார்கள். கமிஷனர் வில்லியம் மெக்கே அதற்குப் பின்னால் இருந்தார். துறைமுகத்தை ஒட்டிய, அன்றைக்கு ஏழைகள் வாழ்ந்த பகுதி அது. இரண்டு இடத்திலும் குத்துச்சண்டைக்குத்தான் முதல் மரியாதை. பெண் பிள்ளைகளைச் சேர்க்க ஆஸ்திரேலிய மன்றங்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 'பாய்ஸ் கிளப்' என்ற பெயரும் பிறகுதான் 'யூத் கிளப்' ஆனது.

ஹாங்காங் கதை வேறு மாதிரி. 1973-இல் அங்கே பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி லஞ்ச விசாரணையின் நடுவே நாட்டை விட்டே ஓடிப்போனார். மக்கள் கொதித்துப்போய்த் தெருவில் இறங்கினார்கள். 1974-இல் லஞ்ச ஒழிப்புக்கென்று சுதந்திரமான ஆணையம் வந்தது. அதே 1974-இல்தான் ஹாங்காங் போலீஸ் சிறுவர்களுக்கான 'ஜூனியர் போலீஸ் கால்' அமைப்பையும், அதற்கென ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் தொடங்கியது. பிள்ளைகள் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். நல்ல நிகழ்ச்சிகளும் நடந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் கெட்டுப்போன பெயரைத் தூக்கி நிறுத்தும் அவசரம் அதில் இருந்தது என்பது காலவரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. எந்த ஊரில் இப்படி ஒரு மன்றம் புதிதாகத் திறந்தாலும், இந்த வருஷம் ஏன் என்று கேட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

சரி, பலன் உண்டா? இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த விஷயம்தான்.

1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், சேட்டை செய்யும் பசங்களை ராவே சிறைக்கு அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். இப்படியே போனால் உன் கதியும் இதுதான் என்று கைதிகள் கத்துவார்கள், பையன்கள் அழுவார்கள். தொலைக்காட்சியில் காட்டியதும் நாடே கைதட்டியது. பிறகு ஜேம்ஸ் ஃபின்கெனார் என்ற ஆய்வாளர், சிறைக்குப் போய் வந்த பசங்களையும் போகாத பசங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். போய் வந்தவர்கள்தான் அதிகம் தப்பு செய்திருந்தார்கள். அதற்குப் பின் இந்த மாதிரி திட்டங்கள் பலவற்றின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே விடைதான் வந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நமக்கு வேலூரில் தொரப்பாடி மத்திய சிறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. "பையனை ஒரு தடவை ஜெயிலைக் காட்டிக் கூட்டிட்டு வாங்க, தானா திருந்துவான்" என்று சொல்லும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

இன்னொன்று, 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை தொடங்கிய 'டேர்' என்ற போதை எதிர்ப்புத் திட்டம். சீருடையோடு போலீஸ்காரர் வகுப்பறைக்கு வந்து வாரா வாரம் பாடம் எடுப்பார், பனியன் கொடுப்பார், உறுதிமொழி வாங்குவார். ஆசிரியர்களுக்கும் பிடித்திருந்தது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது. 1990களில் ஆய்வு மேல் ஆய்வாக வந்தபோது, இந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. நம் பள்ளிகளிலும் இப்போது போதை எதிர்ப்பு மன்றங்களும் உறுதிமொழிகளும் இருக்கின்றன. நடக்கட்டும். ஆனால் ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கும் வாரத்தில் ஐந்து மாலை கபடி ஆட்டத்துக்கும் ஒரே பலனை எதிர்பார்க்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் பையன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்பதைச் சொற்பொழிவு மாற்றுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து ஜெயிலில் போடக்கூடாது என்ற எண்ணத்தில் சென்னை மாகாணம் நாட்டுக்கே முன்னோடி. 1920-இல் இங்கேதான் முதல் சிறார் சட்டம் வந்தது. அடுத்து 1925-இன் போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம், வாலிப வயதுக் குற்றவாளிகளுக்காக. ஆனால் இவையெல்லாம் பையன் பிடிபட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடுகள். பிடிபடுவதற்கு முன்னால் என்ன என்ற கேள்விக்கு நம் காவல்துறை கொடுத்த பதில்தான் சிறுவர் மன்றங்கள். சென்னையிலும் மற்ற நகரங்களிலும் குடிசைப் பகுதிகளை ஒட்டி இவை நடக்கின்றன. ஒரு கூடம், கேரம், சதுரங்கம், கொஞ்சம் புத்தகம், இடமிருந்தால் கைப்பந்து, சில இடங்களில் குத்துச்சண்டை, மாலை நேர டியூஷன். இப்போது 'சிறுவர் சிறுமியர் மன்றம்' என்றே பெயர்.

கேரளம் வேறு வழியில் போனது. 2010-இல் பள்ளிகளில் மாணவர் காவல் படை தொடங்கியது. அணிவகுப்பு, சட்டப் பாடம், முகாம் என்று ஒழுங்கான திட்டம். 2018-இல் மத்திய அரசு அதை நாடு முழுக்க எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் 'சிற்பி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர் வீதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 5,000 பேர். இவற்றுக்கும் பழைய மன்றத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இவை பள்ளி வழியாக நடப்பவை, அதனால் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குத்தான் கிடைக்கும். ஏழாவதோடு நின்றுவிட்டு மெக்கானிக் ஷெட்டிலோ தோல் பட்டறையிலோ வேலைக்குப் போகிறவனுக்கு அதில் இடம் இல்லை. நியூயார்க்கில் தெருவை மறித்தது அவன் மாதிரிப் பையனுக்காகத்தான்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'. 1993-இல் ராமநாதபுரத்தில் அப்போதைய எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. அது சிறுவர் மன்றம் இல்லை, பொதுமக்கள் போலீஸுக்குத் துணை நிற்கும் அமைப்பு. 2020-இல் சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு பெரிய எதிர்ப்பு எழுந்து, அந்த ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. ஊர்க்காரரைப் போலீஸ் வேலைக்குள் இழுப்பதும், போலீஸ்காரர் ஊர்ப் பசங்களோடு விளையாட வருவதும் ஒன்றல்ல. உங்கள் ஊர் மன்றத்தில் எது நடக்கிறது என்று கவனியுங்கள். "அந்தத் தெருவில் யார் கஞ்சா விற்கிறான் சொல்லு" என்று பையனிடம் கேட்க ஆரம்பித்தால், அன்றோடு அது விளையாட்டு மன்றம் இல்லை.

வேலூருக்கும் காவல்துறைக்கும் பழைய உறவு. காவல் பயிற்சிக் கல்லூரி சென்னை அசோக் நகருக்குப் போகும் முன் வேலூரில்தான் இருந்தது. கோட்டைக்குள் காவலர் பயிற்சிப் பள்ளி இன்றும் உண்டு. சீருடை வேலை என்பது வட ஆற்காட்டுக் குடும்பங்களுக்கு வெறும் சம்பளம் இல்லை, கௌரவம். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்கிறார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் போன ஊர் என்பதால். விடியற்காலையில் நம் பக்கத்து ரோடுகளில் பாருங்கள், பசங்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். இந்த ஓட்டத்தை யாரும் நிதி ஒதுக்கி ஆரம்பித்து வைக்கவில்லை. இங்கே மன்றம் தொடங்குகிறவர்கள் முதலில் இந்தக் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஓட ஆள் தயார், ஓடுகிற இடத்தில் வெளிச்சமும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால் போதும்.

சத்துவாச்சாரியில் வளர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் பளு தூக்கும் போட்டியில் தங்கம் வாங்கினார். அவருடைய அப்பாவே பளு தூக்கியவர், முன்னாள் ராணுவ வீரர். அது போலீஸ் மன்றத்தின் சாதனை இல்லை, சொந்தம் கொண்டாடவும் கூடாது. ஆனால் தெரிந்த ஒருவர் தினமும் கூட நின்றால் நம் தெருப் பையன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மறுபக்கமும் இங்கேயே இருக்கிறது. காகிதப்பட்டறையில் சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கான அரசு இல்லம் உண்டு. அடிதடி, பைக் திருட்டு என்று ஏதோ ஒன்றில் மாட்டிய பையனுடைய வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "இனிமே போலீஸ் வேலைக்குப் போக முடியாதா சார்?" என்பதுதான். 2015-இன் சிறார் நீதிச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி நடந்த வழக்கினால் சிறுவனுக்குப் பிற்காலத்தில் தகுதியிழப்பு வரக்கூடாது என்று 24-ஆம் பிரிவு பொதுவாகச் சொல்கிறது. கொடூரக் குற்றத்தில் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்ட, பதினாறு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. வழக்கு முடிந்துபோன சிறுவனின் பதிவுகளை நன்னடத்தைச் சான்றுக்காக வெளியிடக்கூடாது என்று 74-ஆம் பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 107-ஆம் பிரிவு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவரும், மாவட்டத்துக்கு டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் கீழ் ஒரு சிறப்புச் சிறார் காவல் பிரிவும் இருக்க வேண்டும் என்கிறது. சிறுவர்களை விசாரிக்கும்போது போலீஸ்காரர் சீருடையில் இருக்கக்கூடாது என்பது விதி. விசாரணைக்கே அப்படி என்றால், மாலையில் கைப்பந்து ஆட வருகிறவர் டிராக் பேண்ட்டில் வரலாம் அல்லவா?

மன்றங்கள் செத்துப்போவதற்குப் பணமில்லாமை முதல் காரணம் இல்லை என்பது என் அபிப்பிராயம். இடமாற்றம்தான். ஆர்வமுள்ள ஒரு எஸ்.பி. வருவார். ரிப்பன் வெட்டுவார்கள், ஜெர்சி கொடுப்பார்கள், படம் பேப்பரில் வரும். இரண்டு வருஷத்தில் அவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். அடுத்து வருகிறவருக்கு வேறு யோசனை இருக்கும். பந்தோபஸ்து, தேர்தல், திருவிழா என்று ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை வந்ததும் மன்றத்துக்கு ஒதுக்கிய காவலரைத்தான் முதலில் திரும்பக் கூப்பிடுவார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் கேரம் போர்டு தூசி படிந்து கிடக்கும். வெளிநாட்டில் நீடித்தவை எப்படி நீடித்தன என்று பார்த்தால், பெரும்பாலும் அவை போலீஸ் கணக்குக்கு வெளியே தனி அமைப்பாகப் பதிவானவை. ஊர் வியாபாரிகளும் ரோட்டரி மாதிரி சங்கங்களும் நிர்வாகத்தில் இருந்தார்கள், பயிற்சியாளருக்குத் தனியே சம்பளம் இருந்தது. சிட்னியில் தொடக்கத்திலிருந்தே ரோட்டரியின் கை இருந்தது. நம்மிடம் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலைக்காரர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே கொண்டு வராமல் ஸ்டேஷனை மட்டும் நம்பினால் ஆயுள் குறைவுதான்.

ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது: தினமும் மாலையில் யார் வருவார், அவர் ஊரிலேயே இருக்கிறவரா? சாவி ஸ்டேஷனில் இருக்குமா, ஊர்க்கமிட்டியிடமா? பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் கழிப்பறையும் உண்டா? பையனின் பெயர், போட்டோ, விலாசம் எழுதி வாங்கினால் அந்த நோட்டு எங்கே போகிறது? மன்றத்தின் வருகைப் பதிவேடு குற்றப் பதிவேட்டின் பக்கத்தில் இருக்கக்கூடாது. இதை நேரிலேயே கேளுங்கள், தவறாக நினைக்கமாட்டார்கள். உங்கள் ஸ்டேஷனின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும், ஸ்டேஷனில் எழுதியும் போட்டிருக்க வேண்டும்.

பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். முதல் மாதம் நீங்களும் பையனோடு போய் மைதானத்து ஓரத்தில் உட்காருங்கள். இன்னும் நாலு பெற்றோர் அப்படி வந்து உட்கார்ந்தால், சாவி விஷயத்தை அடுத்த இன்ஸ்பெக்டரிடமும் பேச ஆள் இருக்கும்.